கட் சொல்லாத காட்சி

முட்டத்தில் மாதா கோயிலைத் தாண்டி, கலங்கரை விளக்கத்துக்கு ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அந்த ஐஸ் பிளான்ட் இருந்தது. ஒரு சன்னல்கூட இல்லாத நீளமான கட்டடம். உப்புக்காற்றில் காரை உதிர்ந்து, உள்ளிருந்த கருங்கல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். விபினின் பைக்கிலிருந்து இறங்கிய சிவப்ரியா, பல வருஷம் போட்டோவில் மட்டும் பார்த்திருந்த சொந்தக்காரரை நேரில் பார்த்தவள் போல அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்தாச்சு ஏலே. பனிக்கலம்."

"ஐஸ் கம்பெனி," என்று திருத்தினான் விபின். "மீனுக்கு ஐஸ் போட்ட எடம். அத மறந்துராதே."

சிவப்ரியா பூதப்பாண்டிக்காரி. நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். விபின் அவளோடு கல்லூரியில் படித்தவன், கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து 'மிச்ச ரீல்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்தினார்கள். சினிமாக் காட்சிகளைப் பிரித்து மேய்வதுதான் வேலை. அந்தச் சேனலின் பாதி ஆயுள் ஒரே ஒரு காட்சியைப் பற்றிய சண்டையில் கழிந்திருந்தது.

'பனிக்கலம்' குறைந்த செலவில் எடுத்த விண்வெளிப் படம். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பிறகு ஃபோனில் பார்க்கக் கிடைத்ததும் அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. உறைநிலைத் தூக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு கலத்தில், கேப்டனான பெண்ணைத் தவிர எல்லாரும் செத்துப்போகிறார்கள். கடைசிக் காட்சியில் அவள் அந்தக் குளிர் அறையிலிருந்து எழுந்து நடந்து, வெளியே போய்க் கதவைச் சாத்துகிறாள். கேமரா அவளோடு போகாமல் இருட்டறைக்குள்ளேயே நிற்கிறது. படம் முடிந்தது என்று எழுந்திருக்கிற நேரத்தில், திரையின் வலது ஓரத்தில், ஆள் உயரத்தில், வெள்ளையாக ஆவி எழும்புகிறது.

ஒரு மூச்சு. கொஞ்சம் விட்டு, இன்னொரு மூச்சு. பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கிவிடும்.

ஸ்மோக் மெஷின் கசிந்ததை எடிட்டிங்கில் கவனிக்காமல் விட்டுவிட்டோம், ஆளை விடுங்கள் என்று இயக்குநர் ஒரு பேட்டியில் கைகூப்பினார். விபினும் அந்தக் கட்சிதான். சிவப்ரியா ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே போனது கேப்டன் இல்லை, கேப்டனைப் போன்ற வேறு எதுவோ. உண்மையான கேப்டன் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்பது அவள் வாதம். வெளியே போகிறவள் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. மெஷின் புகை படர்ந்து தரையில் இறங்கும், இதுவோ நுரையீரலிலிருந்து வருவது போல விட்டு விட்டு வருகிறது. அவள் இதைச் சொன்ன வீடியோவை ஏராளமானவர்கள் பார்த்தார்கள். பாதிப் பேர் திட்டினார்கள்.

"அதே எடத்துல அதே ஷாட்ட எடுப்போம்," என்று விபின்தான் ஆரம்பித்தான். "ஒரு ஆவியும் வராது. அன்னைக்கி நீ வீடியோவுல வந்து, விபின் சொன்னதுதான் சரின்னு சொல்லணும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்," என்றாள் சிவப்ரியா.

அப்படித்தான் வந்திருந்தார்கள்.

சாவியோடு ஜெஸ்பின் வந்தார். நாற்பது வயதிருக்கும். அந்த ஐஸ் பிளான்ட் அவருடைய அப்பா நடத்தியது. கோயிலில் யாருக்கோ ஞானஸ்நானம், வெள்ளைச் சட்டையில் செண்ட் மணத்தது. துருப்பிடித்த பூட்டைத் திறந்தபடியே பேசினார்.

"குளிர் ரூமு கதவு உள்ள இருந்து தெறக்காது, கேட்டியளா? முந்தி ஒரு கம்பி உண்டு, தள்ளுனா தெறக்கும். அது ஒடிஞ்சு போச்சு. ஒராளு உள்ள போனா ஒராளு வெளிய நிக்கணும்."

"கரண்டு இருக்கா அண்ணே?" விபின் கேட்டான்.

"கரண்டா? சினிமாக்காரங்க வந்தப்பமே கெடையாது. அவங்க ஜெனரேட்டர் கொண்டு வந்தாங்க."

சிவப்ரியா அதைப் பிடித்துக்கொண்டாள். "ஷூட்டிங் நடந்தப்பம் நீங்க இங்க இருந்தியளா?"

ஜெஸ்பின் சாவியை விரலில் சுற்றினார். "இருந்தேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. அந்தக் கடைசி ஷாட்டுதான் ஒருமாதிரி. கேப்டனா நடிச்ச அந்தப் பிள்ள வெளிய வந்து கதவச் சாத்திடிச்சி. டைரக்டரு கட் சொல்லணும்லா? சொல்லல. அந்தப் பிள்ளையையே பாத்துட்டு நிக்காரு. உள்ள கேமரா அதுபாட்டுக்கு ஓடி, தானா நின்னுது. பொறவு யாரும் யாருகிட்டயும் பேசல. சாமானக் கெட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு அப்படி?"

"எனக்கென்ன தெரியும் மக்கா. எங்க அம்மைகிட்ட தெனமும் மீன்கொழம்பு கேட்டு வாங்கித் திங்கும் அந்தப் பிள்ள. போகும்போது அம்மை போய்க் கூப்பிட்டா. யாரோ எவரோன்னு பாத்துட்டுக் கார்ல ஏறிடிச்சி. அம்மைக்கு ரொம்ப வெசனம்."

அந்த நடிகையின் பெயர் இளவேனி. 'பனிக்கலம்' முடிந்து இரண்டு படங்களில் நடித்தாள். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை என்று எல்லாரும் எழுதினார்கள். பிறகு நடிப்பை விட்டுவிட்டுச் சென்னையில் துணிக்கடை வைத்துவிட்டாள். இதெல்லாம் சிவப்ரியாவுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய வாதம் கதையில் வருகிற கேப்டனைப் பற்றியது. நடித்த பெண்ணைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

ஜெஸ்பின் ஞானஸ்நான வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே நுழைந்ததும் வெயில் வாசலோடு நின்றுவிட்டது. முதலில் நீளமான கூடம். நடுவே உப்புத்தண்ணீர்த் தொட்டி வறண்டு கிடந்தது. இரும்பு டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்திருந்தன. அமோனியாவும் பழைய மீன் வாடையும் கலந்து மூக்கை எரித்தது. கூடத்தின் கடைசியில் அந்தக் கதவு. ஒரு முழத்துக்குக் குறையாத கனம். விபின் இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்துத் திறந்தான்.

குளிர் அறையின் சுவர்களில் படக்காரர்கள் ஒட்டிய வெள்ளித்தாள் இன்னும் இருந்தது. அங்கங்கே உரிந்து, மீன் செதிள் போலத் தொங்கியது. உறைநிலைப் படுக்கையாக நடித்த ஃபைபர் பெட்டி ஒன்று மூலையில் உடைந்து கிடந்தது. உள்ளே புழுக்கமாக இருந்தது. சிவப்ரியாவின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"பாத்தியா? ஆவி புடிக்கலாம் போல இருக்கு," என்று சிரித்தான் விபின். "இதுல மூச்சு எப்படித் தெரியும்? நீயே சொல்லு, ஃபிசிக்ஸ் மிஸ்ஸு."

"அதத்தான் நானும் கேக்கேன். அன்னைக்கி எப்படித் தெரிஞ்சுது?"

சிவப்ரியா தன் ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி, படத்தில் இருந்த அதே கோணத்தில் கதவைப் பார்க்க வைத்தாள். ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு அவள் நடந்து வெளியே போக வேண்டும், கதவை முழுசாகச் சாத்த வேண்டும். விபின் வெளியே நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பான். அவ்வளவுதான்.

"பயமா இருக்காட்டி?" விபின் கூடத்திலிருந்து கேட்டான்.

"சும்ம இருலே. ரோலிங்."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஃபோன் திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. திரைக்கு அப்பால், திறந்த கதவில் கூடத்தின் மங்கல் வெளிச்சம்.

அவள் முதல் அடியை எடுத்து வைப்பதற்குள், அவளுக்கு முன்னால் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள்.

மாம்பழ நிறச் சுடிதார். ஒரு பக்கமாகப் போட்ட துப்பட்டா. அவசரத்தில் குத்திய கிளிப்பிலிருந்து நழுவிய முடி.

சிவப்ரியா தன்னுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நிதானமாக நடந்து, வாசலைத் தாண்டி, திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தியது. கடைசிக் கீற்று வெளிச்சம் மெலிந்து மெலிந்து அறுந்தது. வெளியே கைப்பிடி விழுகிற சத்தம்.

கத்த வேண்டும் என்று தோன்றியது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. கெட்ட கனவில் வருவது போல நாக்கு பாரமாகக் கிடந்தது.

வெளியே பேச்சுக் கேட்டது. அந்தக் கனத்த கதவுக்கு அப்பால் பேசுவது கேட்கவே கூடாது. ஆனாலும் கேட்டது, காதுக்குப் பக்கத்தில் பேசுவது போல.

"என்னட்டி, அதுக்குள்ள கெளம்பிட்டே?" விபினின் குரல். "கதவத் தெறக்கவா? உள்ள ஃபோனு?"

"எல்லாம் எடுத்தாச்சு. போலாம்."

அது அவளுடைய குரல். வகுப்பில் பாடம் நடத்தும்போது ஃபோனில் பதிவாகிற, அவளுக்கே பிடிக்காத அதே குரல்.

"ஏலே விபின்!"

இப்போது குரல் வந்தது. அவள் கதவில் போய் விழுந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் அடித்தாள். செருப்பைக் கழற்றி அடித்தாள். "நான் உள்ள இருக்கேன்! போவாதே! அது நான் இல்ல!"

தக்கையும் தகரமும் அடைத்த கதவு அவள் அடியை அப்படியே விழுங்கிக்கொண்டது.

காலடிச் சத்தங்கள் கூடத்தில் தேய்ந்தன. வெளிவாசலை யாரோ இழுத்துச் சாத்தினார்கள். பைக் ஸ்டார்ட் ஆனது.

பிறகு கடல் சத்தம்கூட இல்லை.

ஃபோனை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கி டார்ச்சைப் போட்டாள். சிக்னல் இல்லை. விபினுக்கு அடித்தாள். அம்மாவுக்கு அடித்தாள். ஜெஸ்பினுக்கு அடித்தாள். ஒவ்வொரு தடவையும் ஃபோன் ஒரு சத்தமும் போடாமல் பழைய திரைக்கே வந்து நின்றது. கதவின் இடுக்கில் விரலை நுழைக்கப் பார்த்தாள். ஒடிந்துபோன கம்பியின் முனை ஒரு துவாரத்தில் தெரிந்தது. அதைப் பிடித்துத் திருகியதில் விரல் கிழிந்ததுதான் மிச்சம். ஜெஸ்பின் அண்ணன் சாப்பிட்டுவிட்டு வருவார், வாசலில் பைக் இல்லாததைப் பார்ப்பார், போய்விட்டார்கள் என்று பூட்டிக்கொண்டு போவார். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் வேர்வை காய்ந்துவிட்டதைக் கவனித்தாள்.

வெள்ளித்தாளில் பனி பூத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் சில்லென்று ஏறியது. கரண்டு இல்லாத அறை. வருஷக்கணக்காக ஓடாத மெஷின். வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்த எந்தச் சூத்திரத்திலும் அடங்காத குளிர் பாதம் வழியாக ஏறி, முழங்காலைத் தாண்டி, வயிற்றுக்கு வந்தது. பல் கிட்டியது. அவள் மூச்சு விட்டாள். டார்ச் வெளிச்சத்தில் அது வெள்ளையாகச் சுருண்டு மேலே போனது.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வலப்பக்கத்தில் இன்னொரு மூச்சு எழும்பியது.

அங்கே யாரும் இல்லை. உரிந்த வெள்ளித்தாளும் உடைந்த பெட்டியும்தான். ஆனால் ஆவி மட்டும் விட்டு விட்டு வந்தது, உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் வாய் உயரத்தில்.

ஃபோன் கையிலேயே அணைந்தது.

இருட்டு.

"கட் சொல்லிட்டாங்களா?"

ஒரு பெண்ணின் குரல். ரகசியம் பேசுவது போல, மிகவும் பக்கத்தில். சிவப்ரியா கண்ணை இறுக மூடினாள். மூடினாலும் திறந்தாலும் ஒரே கருப்பு.

"யாரு..." என்று கேட்டாள். உதடு மரத்திருந்தது.

"மெதுவா பேசுங்க. ஷாட் போயிட்டிருக்கு."

அந்தக் குரலை அவள் எத்தனையோ தடவை ஓடவிட்டும் நிறுத்தியும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் கொஞ்சம் கரகரக்கிற குரல். இளவேனி.

"நீங்க சென்னையில இருக்கீங்க," என்றாள் சிவப்ரியா. "உங்களுக்குக் கட இருக்கு. நான் போட்டோவுல பாத்தேன்."

"நான் நடந்து வெளிய போனதைப் பார்த்தேன்," என்றது குரல். "போனது நான் இல்ல. கூப்பிடலாம்னு பார்த்தேன். சத்தம் போட்டா டேக் வீணாயிடும். மறுபடி எடுக்கணும்னா எல்லாருக்கும் கஷ்டம். அதான் கட் சொல்லட்டும்னு இருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"இன்னும் சொல்லல."

சிவப்ரியாவுக்குப் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் ஏறியது. இவளுக்குத் தெரியாது. வருஷங்கள் போனது, படம் வந்தது, படுத்தது, அந்த மூச்சைப் பற்றி ஊர் உலகத்தில் சண்டை நடப்பது, ஒன்றும் தெரியாது. இவள் ஒரு நல்ல ஷாட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாள்.

நாளைக்கு நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். விபின் கதவைத் திறப்பான், அவன் வரட்டும் என்று.

அவள் இருட்டில் கையை நீட்டினாள். எதுவும் இருக்காது என்றுதான் நீட்டினாள். ஐஸ் கட்டியில் ஒட்டிக்கொண்டது போல விரல்கள் ஒட்டின. மெலிந்த, நடுங்குகிற விரல்கள். அவை அவள் கையைப் பிடித்துக்கொண்டன.

"உங்க கை சூடா இருக்கு," என்றது குரல், ஆச்சரியமாக.

அப்படியே கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று சிவப்ரியாவால் பிறகு சொல்ல முடியவில்லை. குளிர் வலிப்பது நின்று, தூக்கம் வந்தது. தூங்கினால் அவ்வளவுதான் என்று தெரிந்தும் தலை சாய்ந்தது. பக்கத்திலிருந்தவள் மட்டும் அவ்வப்போது அவள் விரலை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது.

வெளிச்சம் கண்ணில் அறைந்தது. விபின் வாசலில் நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளிறியிருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"நீ யாரு?" என்றான்.

"ஏலே, நான்தாம்லே."

"நான் சொன்னது சரியா, நீ சொன்னது சரியா? அதச் சொல்லு மொதல்ல."

"நான் சொன்னதுதான் சரி. எப்பமும் நான் சொன்னதுதான் சரி," என்று சொல்லி அவள் அழுதாள்.

அவன் ஓடி வந்து அவளைத் தூக்கினான். அவள் உடம்பு பட்டதும் அவனுக்கே நடுங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. அவளுடைய வலது உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது.

"வா, வா, போயிருவம்." அவன் அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

சிவப்ரியா நின்றாள். அவன் கையை உதறிவிட்டு, அந்த வாசலுக்குத் திரும்பிப் போனாள். உள்ளே கால் வைக்கவில்லை. இருட்டைப் பார்த்து, உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"கட்!"

வெள்ளித்தாள்கள் சலசலத்தன.

"ஷாட் ஓகே," என்றாள், குரல் உடைந்து. "முடிஞ்சாச்சு. வெளிய வாங்க."

ஒன்றும் தெரியவில்லை. குளிர்ந்த காற்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு போனது. மேக்கப் பவுடர் மணத்தது. கூடத்தின் நடுவில் நின்ற விபின், ஏன் என்று தெரியாமலேயே, யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கி நின்றான்.

வெளியே இன்னும் வெயில் இறங்கவில்லை. வலைகளின் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. சிவப்ரியா சுடுகிற மணலில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் அதற்குள் புதைத்துக்கொண்டாள். விபின் நடந்ததைச் சொன்னான்.

அம்மாண்டிவிளை வரைக்கும் அவன் ஒன்றும் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவள் பேசாமல் வந்தாள். படம் சரியாக வரவில்லை போல, கோபம் என்று நினைத்தான். டீக்கடையில் நிறுத்தினான். கொதிக்கக் கொதிக்க வந்த டீயை அவள் ஊதாமல், ஒரே மடக்கில், தண்ணீர் குடிப்பது போலக் குடித்தாள். அப்போதும் அவன் மூளைக்கு எட்டவில்லை.

"பொறவு அவளாச் சொன்னா. 'நீ சொன்னதுதான் சரி விபின். அங்க ஒண்ணுமே இல்ல. அது சும்ம பொகதான்'னு." அவன் சட்டையால் முகத்தைத் துடைத்தான். "உலகமே இடிஞ்சாலும் நீ அதச் சொல்ல மாட்டல்லா? பெட்ரோல் போட்டுட்டு வாறேன்னு சொல்லிட்டு வண்டியத் திருப்புனேன். திரும்பிப் பாக்கல. பாக்கத் தைரியம் வரல."

பிறகு மெல்ல, "நீ சொன்னதுதான் சரிட்டி," என்றான்.

பல வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். "அதச் சொல்லாதே," என்றாள் சிவப்ரியா. "இனிமே என்கிட்ட எப்பமும் அதச் சொல்லாதே."

திரும்பும் வழியில் அந்த டீக்கடையில் அவர்கள் இறங்கவில்லை. முன்னே டீ குடித்தவள் எங்கே போனாள் என்று விபின் வண்டியில் இருந்தபடியே கேட்டான். கடைக்காரர் அவன் பின்னால் இருந்தவளைப் பார்த்துக் குழம்பினார்.

"நீ நாகர்கோவில் பஸ்ஸுல ஏறிப் போனியே மோளே?"

வீட்டு வாசலில் நின்று சிவப்ரியா அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "நான் முன்னமே வந்தனாம்மா?" என்பது. வெயிலில் சுற்றிவிட்டு வந்து உளறுகிறாள் என்று அம்மா பிச்சம்மாள் மோரைக் கரைத்துக் கொடுத்தாள். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காலாண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. அது முழுவதும் அவள் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு படுத்தாள். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளித்தாள். வெளியே எங்கும் போகவில்லை. காய்ச்சல் வந்து போனது.

ஃபோனில் பதிவாகியிருந்ததை அவளும் விபினும் ஒரு தடவை பார்த்தார்கள். மாம்பழ நிறச் சுடிதார் போட்டவள் நடந்து போகிறாள், கதவு சாத்துகிறது, இருட்டு. அதோடு அழித்துவிட்டார்கள். சேனலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் போடவில்லை.

ஆனாலும் ஒரு சாயங்காலம் சேனலின் இன்ஸ்டாகிராமுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் இளவேனி. விபின் பலமுறை சோதித்துப் பார்த்தான், உண்மையான கணக்குதான்.

'உங்க வீடியோவுல குரலைக் கேட்டேன். நீங்கதானே கட் சொன்னது? உங்க கை சூடா இருந்துச்சு.'

சிவப்ரியா ஃபோனை வாங்கிப் படித்தாள். கண்ணீர் தானாக வழிந்தது. பிறகு தட்டினாள்: 'இப்ப எங்க இருக்கீங்க?'

'வீட்ல. இது என் வீடுன்னு சொல்றாங்க. யாரோ என் துணியை எல்லாம் போட்டுக்கிட்டு இங்க வாழ்ந்திருக்காங்க.'

'அவங்க இப்ப எங்க?'

செய்தி படிக்கப்பட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிய அந்த மாம்பழ நிறச் சுடிதார் எந்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே கிடந்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. போக வேண்டாம் என்று விபின் சொன்னான். எத்தனை நாளைக்கு இப்படி வீட்டுக்குள் அடைந்து கிடப்பது என்று அவள் கிளம்பிவிட்டாள். பூதப்பாண்டியிலிருந்து வழக்கமான பஸ். மழை பெய்து ஓய்ந்த காலை. வயல்களில் தண்ணீர் நின்றது. பஸ்ஸில் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேர் "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழியில் மரம் விழுந்து பஸ் கொஞ்சம் தாமதமானதுதான் ஒரே குறை.

பள்ளி அலுவலகத்தில், சுவரிலிருந்த வருகைப்பதிவு மெஷினில் கட்டைவிரலை வைத்தாள்.

மெஷின் 'கீச்' என்றது. வழக்கமாக வரும் பச்சை விளக்கு வரவில்லை.

விரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

'ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டது.'

வாட்ச்மேன் ராஜமணி குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். அவளைப் பார்த்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ்ஸு, நீங்க அப்பமே மேல போயிட்டீங்கல்லா? கீழ எப்பம் வந்தீங்க?"

மாடிப்படி ஈரமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வராந்தாவில் எல்லா வகுப்புகளிலும் இரைச்சல். கடைசி வகுப்பு மட்டும் அமைதியாக இருந்தது. அது அவள் வகுப்பு. கதவு சாத்தியிருந்தது.

உள்ளே ஒரு குரல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"அஞ்சலி."

"பிரசென்ட் மிஸ்."

"எபின்."

"பிரசென்ட் மிஸ்."

சிவப்ரியா கதவில் கை வைத்தாள். தட்டவில்லை. தட்டினால் யார் வந்து திறப்பார்கள் என்று தெரியும்.

வாசிப்பு நின்றது.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். பிறகு காலடிகள், மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளைத் தாண்டி, கதவை நோக்கி வந்தன. ஒரு மரப்பலகைக்கு அந்தப்பக்கம், மிக அருகில், வந்து நின்றன.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.